வந்தேனாத்தா மேடு

சனங்க தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமைக்கு, அதான் இலங்கைக்கு, கால்நடையாவே நடந்து போன காலமாம் அது. மழை பொய்ச்சுப்போயி, கம்மாயெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்த காலம். வடக்கேயிருந்து கடக்கரைக்குப் போற வண்டிப்பாதையில முள்ளிவயல்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன, ஒரு ஊரணி, ஒரு அய்யனார் கோயிலு, கொஞ்சம் கூரை வீடு. ஊருக்கு வெளிய பாதையோரத்துல இடிஞ்சுபோன ஒரு சத்திரம். சத்திரத்துக்கு எதுத்தாப்புல ஒரு மேடு. அம்புட்டுத்தான். அன்னிக்கு அந்த மேட்டுக்குப் பேரு கெடையாது.

அந்தப் பாதையில ஆளுகளை ஓட்டிக்கிட்டுப் போற கங்காணிகள்ல ஒருத்தரு இஞ்ஞாசி. நம்ம வேதக்காரருதான், கிறிஸ்தவரு. ஞாயித்துக்கிழமை பூசை காண்பாராம், திங்கக்கிழமை விடிஞ்சா ஊரு ஊராப் போயி ஆளுப் பிடிப்பாராம். நல்ல ஒசரம். வெண்கலக் குரலு. அதைவிட ஒண்ணு, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். மத்த சனத்துக்குத் தெரியாது. ஒரு காகிதத்தை நீட்டுவாராம்.

"இதுல ஒரு கைநாட்டு வையி. அப்புறம் பாரு, காப்பிச் செடியை உலுக்கினாச் சோறு கொட்டும்."

காகிதத்துல இருந்தது வேற. அவரு சொன்னது வேற. பசிச்ச சனம் என்னத்தக் கண்டுச்சு? வெச்சுச்சுக கைநாட்டு. மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டு, புள்ளையை இடுப்புல இடுக்கிக்கிட்டு நடந்துச்சுக.

நடக்கணும், நடக்கணும், நடந்துக்கிட்டே இருக்கணும். கண்ட தண்ணியைக் குடிக்கணும். அப்படிக் குடிக்கிறவுகளுக்குப் பேதி வரும். காலையில வந்தா சாயந்தரம் ஆளு இருக்காது. விழுந்தவுக விழுந்த எடத்துலயே கெடக்க வேண்டியதுதான். கங்காணி நிக்க மாட்டாரு. தோணி காத்திருக்காதுல்ல?

அப்படி ஒரு தடவை போறப்ப, இந்த மேட்டுகிட்ட வந்ததும் பூவாயின்னு ஒரு பொம்பளை சுருண்டு விழுந்துட்டா. புருசன் இல்லாதவ. கூட ஒரே ஒரு பய. சின்னான்னு பேரு. ஆத்தா சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"கங்காணியய்யா, செத்த நில்லுங்கய்யா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எந்திரிச்சிர்றேன்"ங்கிறா பூவாயி.

இஞ்ஞாசி அவ கண்ணைப் பாத்தாரு. எந்திரிக்கப் போறவ கண்ணு இல்ல அது. "நடங்க, நடங்க"ன்னு மத்த ஆளுகளை ஓட்டினாரு.

கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தா, அந்தப் பய பின்னாடியே ஓடியாரான். "அய்யா, எங்காத்தாவைத் தூக்கி விடுங்கய்யா, எங்காத்தாவைத் தூக்கி விடுங்கய்யா"ன்னு ஓடியாரான். போடா, ஆத்தாகிட்டப் போடான்னு வெரட்டுறாரு. போகல. கடைசியில குனிஞ்சு ஒரு கல்லெடுத்தாரு. எறிஞ்சாரு. மேல படணும்னு எறியலைன்னும் சொல்லுவாக, பட்டுச்சுன்னும் சொல்லுவாக. பய நின்னுட்டான். அழுகல. நின்னு பாத்துக்கிட்டே இருந்தானாம்.

இஞ்ஞாசி போயிட்டாரு.

கடலைத் தாண்டிப் போனவரு, மறு நடைக்கு ஆளுப் பிடிக்கன்னு அதே பாதையில திரும்பி வந்தாரு. மேட்டுல ஒண்ணுமில்ல. ஆவாரஞ்செடியில சேலைக் கிழிசல் ஒண்ணு மாட்டிக்கிட்டு ஆடுது. எலும்பு கெடையாது. குழி வெட்டின தடமும் கெடையாது.

முள்ளிவயல்ல வியாகுலத்தாள்னு ஒரு பொம்பளை. இவளும் வேதக்காரிதான், புருசனைப் பறிகுடுத்தவ. பாதையில போறவுகளுக்கு நீச்சத்தண்ணி, அதான் பழைய சோத்துத் தண்ணி, ஊத்துவா. அவகிட்ட சொம்பை வாங்கிக்கிட்டே கேட்டாரு:

"இங்கன ஒரு சின்னப்பய நின்னானே, பாத்தியாத்தா?"

"ஏன் பாக்காம? இந்த வழியா எந்தக் கூட்டம் போனாலும் பின்னாடியே ஓடுவான். எங்காத்தாவைத் தூக்கி விடுங்கம்பான். செத்துக் கெடக்கிறவளை எங்கிட்டுத் தூக்குறது? வாடா கஞ்சி குடிடான்னு கூப்பிட்டேன், அவளை விட்டு வர மாட்டேன்னுட்டான். அப்புறம் ஒருநா பாத்தா அவளும் இல்ல, அவனும் இல்ல. நரி இழுத்துச்சோ என்னவோ." அவ தண்ணியை ஊத்திக்கிட்டே சொன்னாளாம், "அவுகளை எந்தப் பாவி விட்டுட்டுப் போனானோ, அவன் தொண்டையில தண்ணி எறங்குமா அண்ணே?"

வாயில வெச்ச தண்ணி எறங்கல. அப்படியே துப்பிட்டாரு. சொம்பை வெச்சுட்டு நடந்தாரு. ஆளுப் பிடிக்கப் போகல. நேரா பங்குச் சாமியாருகிட்டப் போயி முழங்கால் போட்டாரு. செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுறதுக்குள்ள நெஞ்சு வெடிச்சிரும் போல அழுதாராம்.

சாமியாரு வயசானவரு. "செத்தவுகளுக்கு நீ இனி என்ன செய்வ? அந்தப் பாதையில உசுரோட புள்ளைக நிக்கும். எந்திரிச்சுப் போ"ன்னாராம்.

அம்புட்டுத்தான் சொன்னாரு. இஞ்ஞாசி எந்திரிச்சு வந்தாரு. இடிஞ்ச சத்திரத்துக்குக் கூரை போட்டாரு. கங்காணி தலைப்பாகையைக் கிழிச்சு விளக்குத்திரி போட்டாரு. பாதையில அனாதையா நின்ன புள்ளைகளை ஒண்ணொண்ணாக் கூட்டியாந்து உள்ள விட்டாரு. எங்கெங்கயோ பொறந்த புள்ளைக. எந்தச் சாதின்னு கேக்கல. எந்தச் சாமின்னு கேக்கல. வியாகுலத்தாளைக் கூப்பிட்டு, "நீ கஞ்சி காய்ச்சு, நான் எழுத்துச் சொல்லிக் குடுக்கிறேன்"ன்னாரு. அவரு யாருங்கிறதை அப்பவே அவகிட்டச் சொல்லிட்டாராம். அவ போயிச் சுள்ளி பொறுக்கியாந்தா. அப்புறம் அடுப்பைப் பத்த வெச்சா.

தரையில மணலைக் கொட்டி, வெரலால எழுதணும். எழுதிட்டுச் சத்தம் போட்டு வாசிக்கணும். அது முடிஞ்சா கயிறு திரிக்கணும், பாய் முடையணும், மரம் இழைக்கணும். கையில ஒரு வேலை, கண்ணுல எழுத்து. ரெண்டும் இல்லாம எந்தப் புள்ளையும் அங்கேயிருந்து வெளிய போகக் கூடாதுன்னு வெச்சிருந்தாரு. அடிக்க மாட்டாரு. கை ஓங்கினாலும் பாதியிலேயே எறக்கிடுவாராம். "நாளைக்கு ஒருத்தன் வந்து உங்க மூஞ்சிக்கு நேரா ஒரு காகிதத்தை நீட்டுவான். அதுல என்ன இருக்குன்னு நீங்களே வாசிக்கணும். அவன் சொல்றதைக் கேக்கக் கூடாது"ம்பாராம். அந்தப் புள்ளைகளுக்கு அது என்னன்னு புரியாது. ஆனாலும் வாசிச்சுச்சுக.

கங்காணின்னு கூப்பிட்ட சனம் வாத்தியாருன்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு.

அப்படியே ரெண்டு வருசம் போச்சு. ஒரு பங்குனி மாசம். அனலு அடிக்குது. ஊரணியில தண்ணி வத்திப் பச்சையாக் கெடக்குது. காத்துன்னு ஒண்ணு இல்ல. நேரம் உச்சிப்பொழுது. பனையோலை அசையல, காக்கா கத்தல. பாதையில கானல் ஓடுது. புள்ளைக மணல்ல எழுதிக்கிட்டிருக்குதுக.

சடையன்னு ஒரு பய. வெரலை அப்படியே நிறுத்திட்டு நிமிந்து பாத்தான். மொகமெல்லாம் சிரிப்பு.

"அய்யா, எங்காத்தா கூப்பிடுறா."

வாத்தியாரு சட்டுன்னு வாசலைத் திரும்பிப் பாத்தாரு. ஏன்னா அந்தச் சத்தத்தை அவரும் கேட்டாரு. பாதைப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரலு, தெளிவா, "சடையா... ஏ சடையா..." அந்தக் குரலு அவருக்குத் தெரியும். அவரு கூட்டத்துல நடந்தவ. ஓடைக்கரையில அவரு விட்டுட்டுப் போனவ.

அவரு எந்திரிக்கிறதுக்குள்ள பய ஓடிட்டான். போயிப் பாத்தா ஊரணிக்கரையில குந்தியிருக்கான். ரெண்டு கையும் ஈரம், வாயெல்லாம் ஈரம். "ஆத்தா தண்ணி குடுத்தா"ங்கிறான். பொழுது சாயறதுக்குள்ள பேதி கண்டுபோச்சு. வியாகுலத்தாள் மடியிலதான் உசுரு போச்சு. போற வரைக்கும் அந்தச் சிரிப்பு மொகத்தை விட்டுப் போகலையாம்.

மறுநா உச்சிக்கு இன்னொரு குரலு. அதுக்கு ஒரு பொட்டப்புள்ளை ஓடுச்சு. அதுவும் போச்சு.

வாத்தியாரு கதவைச் சாத்தினாரு. ஜன்னலுக்குப் பாயைக் கட்டினாரு. உச்சி நேரம் வந்தா எல்லாரும் சத்தமா செப மந்திரம் சொல்லணும்னாரு. புள்ளைக சொல்லுச்சுக. ஆனா பாதியில ஒவ்வொண்ணா வாயை மூடிக்கிட்டுக் காதைச் சாய்ச்சுச்சுக. ஒவ்வொரு புள்ளைக்கும் அதனோட ஆத்தா குரலு மட்டும்தான் கேக்கும். வியாகுலத்தாளுக்கு ஒண்ணுமே கேக்காது. வாத்தியாருக்குத்தான் எல்லாக் குரலும் கேட்டுச்சு. அந்தப் பொம்பளைகளையெல்லாம் இந்தப் பாதையில கூட்டியாந்த கங்காணி அவருதானே?

பாய் இடுக்கு வழியாப் பாத்தாரு. கானலுக்குள்ள பொம்பளைக நடக்குறாக. தலையில மூட்டை. ஒருத்தி பின்னாடி ஒருத்தி. முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல. நடக்குறாக, நடக்குறாக, ஆனா பக்கத்துல வரவும் இல்ல, தூரமாப் போகவும் இல்ல.

ஒரு சிலுவையை எடுத்துக்கிட்டு வாசல்ல போயி நின்னாரு. பேயா இருந்தா ஓடணும்ல? ஓடல. குரலெல்லாம் நின்னுச்சு. நின்னுட்டு, கூட்டமா விசும்புற சத்தம் கேட்டுச்சாம்.

உள்ள வந்து சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. "வியாகுலம், இது பேய் இல்ல. சிலுவையைப் பாத்து அழுகுதுக. அதுக பெத்தவளுக"ன்னாரு.

"பெத்தவளா இருந்தாப் புள்ளையை வாரிக்கிட்டுப் போவாளா?"ன்னு அவ கேட்டா.

அவரு எந்திரிச்சுப் போயிக் கதவைத் தாழ்போட்டாரு.

எல்லாத்தையும்விட அவருக்கு நெஞ்சைப் பிசைஞ்சது எது தெரியுமா? புள்ளைக பயப்படலை. பயந்திருந்தாக்கூடத் தேவலை. விடிஞ்சதுமே மொகத்தைக் கழுவிக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு, இன்னிக்கு எங்காத்தா வருவா, எங்காத்தா வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்குமாம்.

இப்ப ஊருக்குள்ளயும் பேதி வந்திருச்சு. ஊரு அம்பலகாரரு ஆளு அம்போட வந்து நின்னாரு. வீரபெருமாள் அம்பலம்னு பேரு. கெட்டவருன்னு சொல்ல முடியாது. அவரு பேரப்புள்ளையும் படுக்கையில கெடக்குது. பயந்துபோன மனுசன்.

"வாத்தியாரே, எங்கெங்கயோ செத்தவுக புள்ளைகளைக் கொண்டாந்து ஒண்ணா உக்கார வெச்சீரு. நாங்க பொறுத்துக்கிட்டோம். இப்பச் செத்தவுகளே தேடி வர்றாக. எங்க வீட்டு வாசல்ல நேத்து உச்சிக்கு ஒரு பொம்பளைக் குரலு கேட்டுச்சு. எங்க யாரு பேரையும் சொல்லல. சின்னான், சின்னான்னு கூப்பிடுது. எங்க தெருவுல எவனுக்கும் அந்தப் பேரு இல்ல. தாகத்துக்குத் தண்ணி கேக்குற குரலு மாதிரி இருந்துச்சுன்னு என் மருமக யாரதுன்னு கேட்டுட்டா. கேட்டவ மடியில இருந்த புள்ளைதான் இப்பப் படுத்திருக்கு."

சின்னான்னு காதுல விழுந்ததும் வாத்தியாரு மேட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. நெலைக்கதவைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நாளைக்கு உச்சிக்குள்ள இதுகளைக் கூட்டிக்கிட்டுப் போயிரணும். இல்லைன்னாக் கூரையில தீயை வெச்சிருவோம். எங்க புள்ளைக எங்களுக்கு வேணும்"னு சொல்லிட்டு அம்பலம் போயிட்டாரு.

எங்க கூட்டிக்கிட்டுப் போறது? பாதை பூரா அவளுகதானே நிக்கிறாளுக?

வெள்ளச்சின்னு ஒரு புள்ளை இருந்துச்சு. இருக்கிறதுலயே வாயாடி. வாத்தியாரு தலையைக் கவுந்து உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டுப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"அய்யா, எங்காத்தா இன்னிக்கும் வந்தா."

"நீ போயிராதத்தா. என் தங்கம்ல, அவ வான்னு கூப்பிட்டாலும் போயிராத."

"அவ வான்னு கூப்பிடலையே."

வாத்தியாரு நிமிந்தாரு. "பின்ன என்ன சொன்னா?"

"வெள்ளச்சி, இருக்கியான்னு கேக்குறா. அம்புட்டுத்தான் கேப்பா. இருக்கியா, இருக்கியான்னு. இந்தப் புள்ளைகதான் தானா எந்திரிச்சுப் போயிடுதுக."

அப்பத்தான் வாத்தியாருக்குப் புரிஞ்சுச்சு. இத்தனை நாளும் அவரும் அந்தக் குரலைக் கேட்டாரு. பேரை மட்டும்தான் கேட்டாரு. பயத்துல மிச்சத்தைக் கேக்கவே இல்ல. செத்துப் போறப்ப ஒருத்திக்குப் புள்ளையைப் பத்தி வேற என்ன நெனப்பு இருக்கும்? இருக்கியா, உசுரோட இருக்கியான்னுதானே கேப்பா?

மறுநா உச்சிக்கு முன்னாடி அவரே பாயை அவுத்தாரு. கதவைத் தொறந்தாரு. வாசல்ல புதுமணலைக் கொட்டிப் பரப்பினாரு. புள்ளைகளை வரிசையா உக்கார வெச்சு, "உங்காத்தா பேரை முதல்ல எழுது. அதுக்குக் கீழ உன் பேரை எழுது. குரலு வந்ததும் பாதையைப் பாத்துச் சத்தமா வாசி. எந்திரிக்கக் கூடாது. இருந்த எடத்துலேயிருந்தே வாசி"ன்னாரு. ஆத்தா பேரு தெரியாத புள்ளைகளுக்கு அவரே சொன்னாரு. எல்லாருடைய பேரும் அவருக்குத் தெரியும், கைநாட்டு வாங்கினவரு அவருதானே.

அங்கிட்டு ஊரு எல்லையில அம்பலமும் ஆளுகளும் தீப்பந்தத்தைக் கொளுத்திக்கிட்டு நிக்கிறாக.

உச்சி வந்துச்சு. காத்து நின்னுச்சு. கானலு எந்திரிச்சுச்சு. பொம்பளைக வரிசை கட்டி வந்தாக.

"வெள்ளச்சி... இருக்கியா?"

அந்தப் புள்ளை மணல்ல வெரலை வெச்சு, எழுத்தெழுத்தா வாசிச்சுச்சு. "எங்காத்தா காளி. நான் வெள்ளச்சி. இருக்கேன் ஆத்தா. நான் வாசிக்கிறேன் ஆத்தா."

கானலுக்குள்ள ஒருத்தி நின்னா. தலையில இருந்த மூட்டையை மெதுவா எறக்கினா. அப்புறம் அந்த எடத்துல வெறும் வெயிலுதான் இருந்துச்சாம்.

அடுத்த பேரு. அடுத்த புள்ளை வாசிச்சான். அடுத்தவ மூட்டையை எறக்கினா. இப்படியே ஒவ்வொருத்தியாக் கேக்க, ஒவ்வொண்ணா வாசிக்க, பாதை வெறிச்சோடிப்போச்சு. சடையனோட ஆத்தாவும், செத்துப்போன அந்தப் பொட்டப்புள்ளையோட ஆத்தாவும் கேக்கவே இல்ல. அவுக தங்க தங்க புள்ளையோட முன்னாடியே சேந்து நடந்து போனதை வாத்தியாரு பாத்தேன்னு சொன்னாராம்.

வியாகுலத்தாள் சேலை முந்தியால மொகத்தைத் துடைச்சுக்கிட்டா. "முடிஞ்சுதா அண்ணே?"ன்னா.

முடியல. மேட்டுல ஒருத்தி நின்னா.

"சின்னான்... இருக்கியா?"

யாரு பதில் சொல்றது? மணல்ல அந்தப் பேரை எழுத ஆளு இல்லையே.

"ஏ சின்னான்... இருக்கியா?"

இந்தக் குரலு மட்டும் எல்லாப் புள்ளைகளுக்கும் கேட்டுச்சாம். வியாகுலத்தாளுக்கும் கேட்டுச்சு. ஊரு எல்லையில நின்ன ஆளுகளுக்கும் கேட்டுச்சு. பந்தம் பிடிச்சிருந்தவன் அதைக் கீழ போட்டுட்டான். மேட்டுல நின்னவ ஊரு பக்கம் திரும்பினா. ஒரு அடி வெச்சா.

ஒரு பய எந்திரிச்சான். "அய்யா, நான்தான் சின்னான்னு சொல்லட்டுமா? பாவமா இருக்குய்யா."

"உக்காருடா"ன்னாரு வாத்தியாரு. "பெத்தவகிட்டப் பொய்யி செல்லாது."

அவரு வாசலைத் தாண்டினாரு. வியாகுலத்தாள் ஓடிவந்து அவரு தோளுத்துண்டைப் பிடிச்சா. "அண்ணே, போகாதிக. இந்தப் புள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

"நீ இருக்க. அதுகளுக்கு எழுத்து இருக்கு. அவளுக்குத்தான் யாருமில்லத்தா."

துண்டு அவ கையிலேயே நின்னுபோச்சு. அவரு பாதையைக் கடந்தாரு. மேட்டுல ஏறினாரு. கூப்பிடு தூரத்துல நின்ன அத்தனை பேருக்கும் அவரு குரலு கேட்டுச்சு. வெண்கலக் குரலுல்ல?

"பூவாயி. உன் சின்னான் இல்லத்தா. உன் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனை நான் தூக்கிக்கலை. என் பின்னாடி ஓடியாந்தவனைக் கல்லெடுத்து எறிஞ்சேன். அந்தக் கங்காணி நான்தான். அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாது. பாதை பூராத் தேடினேன். கெடைக்கல."

ஊரு பக்கம் திரும்பினவ அவரு பக்கம் திரும்பினா.

அவ மறுபடியும் கேட்டா. இந்தத் தடவை பேரைச் சொல்லல.

"இருக்கியா?"

அந்த ரெண்டு வருசத்துலயே அவருக்குத் தலைமுடியெல்லாம் நரைச்சிருந்துச்சு. அவளைவிட வயசுல மூத்தவரு. அந்த மனுசன் சின்னப்பய மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, "இருக்கேன் ஆத்தா. இந்தா வந்தேன் ஆத்தா. வந்தேன் ஆத்தா"ன்னு சொல்லிக்கிட்டே அப்படியே அந்த மண்ணுல சாஞ்சாரு.

வியாகுலத்தாள் ஓடிப்போனா. அம்பலமும் பந்தத்தை விட்டுட்டு ஓடியாந்தாரு. போயிப் பாத்தவுக இதைத்தான் கண்டாக. வாத்தியாரு மல்லாக்கப் படுத்திருக்காரு. உடம்பு மண்ணுல கெடக்குது. தலை மண்ணுல படல. ஒரு சாண் ஒசரத்துல, யாரு மடியிலயோ வெச்சாப்புல நிக்குது. அடியில கல்லு இல்ல, துணி இல்ல, ஒண்ணுமில்ல. நெத்தியில விழுந்த முடியை யாரோ ஒதுக்குற மாதிரி ஒதுங்குது, ஒதுங்குது.

உசுரு இருந்துச்சு. கண்ணைத் தொறந்து வியாகுலத்தாளைப் பாத்தாரு.

"நோவுதா அண்ணே?"

"இல்லத்தா. புள்ளைகளை வாசிக்கச் சொல்லு. அவ கேக்கணுங்கிறா."

புள்ளைக வாசிச்சுச்சுக. சத்திரத்து வாசல்ல இருந்து அரிச்சுவடியை முதல்ல இருந்து வாசிச்சுச்சுக. அம்பலம் தன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நின்னாரு. பொழுது மசங்குற வரைக்கும் வாசிப்பு நிக்கல. அந்தத் தலை மெதுவா, ரொம்ப மெதுவா, தூங்குற புள்ளையைத் தாயி எறக்கிப் படுக்க வைக்கிற மாதிரி மண்ணுல எறங்குச்சு. அப்பத்தான் உசுரு போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாக.

அன்னியோட முள்ளிவயல்ல பேதி நின்னுச்சு. அம்பலத்தோட பேரப்புள்ளை மறுநா காலையில கஞ்சி கேட்டுச்சு. இப்பப் படிச்சவுக சொல்றாக, ஊரணித் தண்ணிதான் காரணம், வியாகுலத்தாள் அன்னியிலேயிருந்து காய்ச்சின தண்ணியைத்தான் குடிக்கக் குடுத்தா, அதனாலதான் நின்னுச்சுன்னு. அதுவும் சரிதான். அவ காய்ச்சித்தான் குடுத்தா. ஆனா அந்த ஒரு சாண் ஒசரத்தைப் பாத்தவுக பத்துப் பேருக்கு மேல. அவுக புள்ளைக சொல்லி நாங்க கேட்டோம்.

அவரை அந்த மேட்டுலேயே அடக்கம் பண்ணுனாக. மாத்தி வேற எடத்துக்குத் தூக்கணும்னு யாருக்கும் தோணலை. சாமியாரு வந்து மந்திரிச்சு, சிலுவைக்கல்லு நட்டாரு. அதுலேயிருந்துதான் அதுக்கு வந்தேனாத்தா மேடுன்னு பேரு. சர்க்காரு காகிதத்துல வந்தனாத்தான்மேடுன்னு தப்பா எழுதியிருக்கும். எழுதினவருக்குக் கதை தெரியாது, என்ன செய்யிறது?

சத்திரத்துல பள்ளிக்கூடம் நிக்கல. வெள்ளச்சி பெரிய மனுசியாகி அவளே எழுத்துச் சொல்லிக் குடுத்தா. அம்பலம் வீட்டுப் புள்ளைகளும் வந்து அதே மணல்ல உக்காந்துச்சுக. இன்னிக்கு அது ஓட்டுக்கட்டிடம். இன்னிக்கும் எந்தப் புள்ளை சேந்தாலும், எந்த மதமா இருந்தாலும், மொத நாளு உச்சிக்கு வாசல் மணல்ல ஆத்தா பேரைத்தான் முதல்ல எழுதணும். அதுக்குப் பிறகுதான் அகரம்.

இன்னொண்ணு இருக்கு. புள்ளை தூரதேசம் போயித் தகவல் இல்லாத தாயிக, பெத்துப் பறிகுடுத்த தாயிக, எங்கெங்கயிருந்தோ இங்க வருவாக. மெழுகுவத்தி கொளுத்துவாக. உச்சிப்பொழுதுக்கு அந்த மேட்டுல ஏறி நின்னு, புள்ளை பேரைச் சொல்லி "இருக்கியா?"ன்னு கேப்பாக. அந்தப் புள்ளை யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் சவுதிக்குப் போன மகனைக் காணலைன்னு ஒரு துலுக்கவீட்டு அம்மா வந்து நின்னாக. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை. மேலதிகாரி வேற வந்து உக்காந்திருக்காரு. அந்த அம்மா குரலு எழும்புச்சு. உள்ள இருந்த அத்தனை புள்ளைகளும் பேனாவைக் கீழ வெச்சுட்டு, யாரும் சொல்லாமலே எந்திரிச்சு நின்னு, சன்னல் பக்கம் திரும்பி, ஒரே குரலாச் சொல்லுச்சுக:

"இருக்கோம் ஆத்தா!"